சோடா இறங்கும் நேரத்தில் ஒரு கேள்வி

தனம், ஏழுமலை, காவேரி, மூன்று பேருக்கும் அப்பா எழுதுவது. வாரப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். போட்டால் ஊரும் படிக்கட்டும். போடாவிட்டால் நீங்கள் படித்தால் போதும்.

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து திண்டிவனம் வரைக்கும் ஒரு காலத்தில் எந்த மேடையிலும் எந்தப் பேச்சாளரும் புரையேறாமல் சோடா குடித்தது கிடையாது. அதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் எனக்குத் தெரியாது. ஊர் வைத்த பேர் 'செத்துட்டா'.

"அவனுக்குன்னு எழுதாதீங்க, அவருக்குன்னு எழுதுங்க" என்று, நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவதைக் கேட்டு, உங்கள் அம்மா அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுக்கிறாள். சரி, அவர். அந்த ஆள் விஷயத்தில் உங்கள் அம்மா எப்போதும் அவர் பக்கம்தான். என் வயிற்றெரிச்சலில் பாதி அதனால் வந்தது.

அவர் சோடாக்காரர். ரயிலடிக்கு எதிரே, நான் கணக்கு எழுதின மல்லாட்டை மண்டியை, அதாவது வேர்க்கடலை மண்டியை, ஒட்டினாற்போல் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே கையால் சுற்றுகிற சோடா மிஷின். அவர் கட்டைவிரலால் கோலியை அழுத்தி ஒரு சோடா உடைத்தால், ஸ்டேஷனில் தூங்குகிறவன் வண்டி கிளம்பிவிட்டதென்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அவ்வளவு கேஸ்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி, சட்டசபைக்கு ஓட்டு நடக்கப்போகிற சமயம். ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள். ஓட்டுப் போடுகிறவர் கையில் கொடுத்த சீட்டைப் பிடித்த நிறத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியது. எங்கள் கட்சிக்குப் பச்சைப் பெட்டி. எதிர்க்கட்சிக்கு நீலப் பெட்டி. மாலையானால் ஏதாவது ஒரு மைதானத்தில் கேஸ் லைட் எரியும், யாராவது கத்திக்கொண்டிருப்பார். கத்துகிறவருக்குத் தொண்டை வறளும். தொண்டை வறண்டால் சோடா. அதனால் பச்சைக் கூட்டமானாலும் நீலக் கூட்டமானாலும் மேடைக்குப் பக்கத்தில் மரப்பெட்டியோடு இந்த ஆள் நிற்பார்.

பேச்சாளருக்கு எப்போது குரல் கம்மும் என்று அவருக்குத் தெரியும். கீச்சென்று ஏறுகிறபோதே சோடாவை உடைத்து மேலே நீட்டுவார். பேச்சாளர் அண்ணாந்து வாயில் கவிழ்ப்பார். கூட்டம் கம்மென்று இருக்கும். பேசுகிறவர் வாயிலோ சோடா. அந்த இடைவெளி பார்த்து, பால்காரி பால் பாக்கி கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்பார்:

"எல்லாம் சரிங்க. ஒங்க தலைவரு செத்துட்டா?"

முதல்முதலாக இதில் மாட்டியவர் பட்டணத்திலிருந்து வந்த ஒரு பெரிய பேச்சாளர். தலைவர் நடக்கிற அழகு, தலைவர் ஒருவேளை மட்டும் உண்கிற எளிமை, தலைவர் நிமிர்ந்து பார்த்தால் கலெக்டர் குனிகிற வீரம் என்று பொழிந்துகொண்டிருந்தார். கேள்வி காதில் விழுந்ததும் சோடா மூக்கு வழியாக வந்தது. ஜிப்பா நனைந்துபோயிற்று. தொண்டர்கள் பாய்ந்தார்கள்.

"யார்றா அவன், அபசகுனம் புடிச்சவன்! மேடையாண்ட நின்னுக்கினு சாவப் பத்திப் பேசுறான்!"

"கோவிச்சுக்காதீங்க. சாவணும்னா சொன்னேன்? நூறு வருசம் இருக்கட்டும் மகராசன். நெலவரி கிஸ்தி கொறையும்னு சொல்றீங்க, ஊருக்கு ஊரு கெணறு வெட்டுவோம்னு சொல்றீங்க. அதெல்லாம் அவரு கூடவே சுடுகாட்டுக்குப் போயிடுமா, இங்க நிக்குமான்னுதான் கேட்டுக்கினு இருக்கேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தொண்டர்கள் ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வந்தவர் உஷாரானவர். கேள்வி வந்ததும் மார்பில் அறைந்துகொண்டு, "எங்கள் தலைவர் சாகவே மாட்டார்!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்குகிறவரைக்கும் செத்துட்டா காத்திருந்தார். பிறகு, "ரொம்ப சந்தோசங்க. எமன்கிட்ட எழுதி வாங்கிக்கினீங்களா?" என்றார். அந்தப் பேச்சாளருக்கும் சோடா உள்ளே போகவில்லை.

நீலப் பெட்டிக்காரர்களிடமும் இதே நியாயம்தான், ஓரவஞ்சனை கிடையாது. அவர்கள் ஒருதரம் தங்கள் தலைவர் படத்தை மேடையில் நாற்காலிமேல் வைத்து, பெரிய ரோஜா மாலை போட்டு, பக்கத்தில் குத்துவிளக்கும் ஏற்றிவிட்டார்கள். மரியாதை என்று நினைத்துச் செய்தது. செத்துட்டா பெட்டியோடு வந்தார். படத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"எப்பங்க ஆச்சு?"

அன்றைக்கு நீலக் கூட்டம் அதற்குமேல் நடக்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பச்சைக் கட்சியின் விழுப்புரம் கூட்டங்களுக்கெல்லாம் வரவேற்புரை சொன்னது உங்கள் அப்பன். பந்தலுக்குக் கம்பு நட்டு, ஜமுக்காளம் விரித்து, நோட்டீஸ் ஒட்டி, பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மேடை ஏறி, "தாய்மார்களே, பெரியோர்களே" என்று ஆரம்பிப்பேன். 'பெரியோர்களே' வருவதற்குள் ஒருவரோடொருவர் மாட்டு விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள். சோடா உடைகிற சத்தம் கேட்டால் மட்டும் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான். நான் கம்பு நட்ட பந்தலில் அவருக்குச் சிரிப்பு.

கல்யாணமான புதிதில் உங்கள் அம்மாவை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனேன், நான் பேசுவதைப் பார்க்கட்டுமென்று. திரும்பி நடந்து வரும்போது கேட்டேன்.

"எப்படி இருந்திச்சி?"

"ரொம்ப நல்லா இருந்திச்சிங்க."

"எந்த எடம்?"

"அந்த சோடாக்காரரு கேட்டாரே, அந்த எடம்."

மறுநாள் கேப்பைக் களியைத் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "ஏங்க, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. ஒங்க தலைவரு நாளைக்கே..." என்று ஆரம்பித்தாள். பாதிக் களியில் எழுந்துவிட்டேன். தனம் வயிற்றில் இருந்தபோது மசக்கையில் எல்லாரும் மாங்காய் கேட்பார்கள். உங்கள் அம்மா கேட்டது செத்துட்டா கடை சோடா. வேறு கடைச் சோடா குடித்தால் குமட்டுமாம். தினமும் நான்தான் போய் வாங்கிவந்தேன். "வீட்டுல சௌக்கியமா தம்பி? இஞ்சி கொஞ்சம் தட்டிப் போட்டுக் குடு" என்று அக்கறையாக வேறு சொல்லியனுப்புவார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அவருக்கு ஓட்டு இருந்தது. எனக்கு இல்லை.

இப்போது எல்லாருக்கும் ஓட்டு வரப்போகிறதென்று பேசிக்கொள்கிறார்களே, அப்போது அப்படி இல்லை. வரி கட்டுகிறவர்களுக்கு உண்டு. வரி கட்டாவிட்டாலும் எழுதப் படிக்கத் தெரிந்தவன் விண்ணப்பம் கொடுத்தால் உண்டு. தகரக் கொட்டகைக்கு வரி கட்டினதால் அவர் பேர் வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த நான், கட்சி நோட்டீஸையெல்லாம் ஊர் முழுக்க ஒட்டினவன், 'விண்ணப்பம் கொடுக்கவும்' என்ற சர்க்கார் நோட்டீஸின் மேலேயே எங்கள் நோட்டீஸை ஒட்டிவிட்டேன். விஷயம் தெரிந்தபோது நாள் தாண்டிவிட்டது.

ஓட்டுள்ள ஆளை எல்லாரும் தாங்கினார்கள். எங்கள் கட்சிக் காரியதரிசி ஒருநாள் அவரைக் கூட்டத்துக்கு அழைத்துவர ஜட்கா வண்டி அனுப்பினார். துணைக்கு என்னையும் அனுப்பினார். அவர் உள்ளே உட்கார்ந்து வந்தார். சோடாப் பெட்டிக்கும் உள்ளே இடம் இருந்தது. நான் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தேன்.

"அண்ணே, ஊரே கும்பிடுற தலைவரைப் போயி ஏன் இப்படிக் கேக்குறீங்க? ஒங்களுக்கு அவர்மேல இன்னா கோவம்?" என்று படியிலிருந்தே கேட்டேன்.

"கோவமா? எனக்கா? தம்பி, இந்தக் கடை மொதல்ல யாருது தெரியுமா?"

கடை பெரிய சோடாக்காரர் என்று ஒருவருடையதாம். வெள்ளை மீசை, ராஜா மாதிரி இருப்பாராம். வயசானபிறகு அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதோடு சரி. மிஷின் சுற்றுவது, கேஸ் பிடிப்பது, பாட்டில் கழுவுவது எல்லாம் இவர்தான். பெரியவர் காலமாகி, பிள்ளையில்லாததால் கடை இவரிடம் வந்தது.

"பதினாறாம் நாளு காரியம் முடிச்சிக்கினு கடையத் தொறந்தேன் தம்பி. அதே தண்ணி, அதே கேஸு, அதே கையி. ஒருத்தன் குடிச்சுட்டு, 'ஹூம், பெரியவரோட போச்சு, சோடாவுல சுருக்கே இல்ல'ன்னுட்டுப் போறான். இன்னொருத்தனும் அதையே சொல்றான். அப்ப இத்தினி நாளு நீங்க குடிச்சது சோடாவையா, அவரு மீசையவா? பேஜாராப் போச்சுப்பா எனக்கு."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் ஜெயித்த மாதிரி ஆகியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு வழி திறந்தது. திண்டிவனத்தில் பெரிய கூட்டம். சுற்றுக் கிராமத்து மல்லாட்டை விவசாயிகள் எல்லாம் வருவார்கள். காரியதரிசி என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா பாரு, வரவேற்புரை இல்ல, பேச்சு. நீயே பேசு. நல்லாப் பேசினா இனிமே ஜில்லா முழுக்க உன்னை மேடை ஏத்துறது என் பொறுப்பு. ஆனா ஒண்ணு. அந்த செத்துட்டா வாயைத் தொறக்கக் கூடாது. தொறந்தான்னா நீ மேடைய மறந்துடு."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே தகரக் கொட்டகைக்கு ஓடினேன். கெஞ்ச வேண்டியிருக்கும், சண்டை போடவேண்டியிருக்கும் என்று பேச்சையெல்லாம் தயார் செய்துகொண்டு போனால், அவர் பாட்டிலைக் கழுவிக்கொண்டே, "அவ்ளோதானா தம்பி? ஒனக்கு நல்லது நடக்கும்னா நான் ஏன் வாயைத் தொறக்கப் போறேன்? வெத்தலைய அடக்கிக்கினு நிக்குறேன் போ" என்றார். எவ்வளவு சுலபமாகப் பெரிய மனுஷன் ஆகிவிட்டார் பாருங்கள். அந்த எரிச்சலில் எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

திண்டிவனத்துக்கு ஒரே ரயிலில்தான் போனோம். கூட்டம் நிரம்பி வழிந்தது. மேடையேறினேன். தலைவர் பிறந்தது, வளர்ந்தது, ஜெயிலுக்குப் போனது, திரும்பி வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் கண்ணாடிமுன் நின்று பழகின இடத்தில் சரியாகக் கையை உயர்த்தினேன். தொண்டை வறண்டது. சோடா வந்தது. அண்ணாந்தேன்.

மைதானம் முழுக்க ஒரே ஆள்போல முன்னால் சாய்ந்தது. எல்லாக் கண்ணும் அவர்மேல். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யோவ் சோடா, கேளுய்யா!" என்றான் ஒருவன்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். உதட்டின்மேல் விரலை வைத்தார். பிறகு அந்த விரலை என் பக்கம் நீட்டினார்.

அவ்வளவுதான். "ஓகோ, வாயைக் கட்டிக் கூட்டிக்கினு வந்துட்டியா? ஏம்ப்பா, ஒண்ணுமில்லேன்னா எதுக்கு பயப்படணும்?" என்று நாலா பக்கமும் சத்தம். முன்வரிசையில் ஒரு விவசாயி எழுந்து துண்டை உதறி, "வாங்கடா போவலாம், மாடு பசியோட கெடக்குது" என்றார். அவர் பின்னால் ஒரு வரிசையே எழுந்தது. காரியதரிசி மேடையிலிருந்து என்னை முறைக்கிறார். என் மேடை என் கண்ணெதிரே வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

"அண்ணே," என்று கத்தினேன். "கேளுங்கண்ணே!"

எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். செத்துட்டா அவசரப்படாமல் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தலைவரு செத்துட்டா, தம்பி, நீ இருப்பியா?"

இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. எனக்குப் பாடம் பண்ணினது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. "இருப்பேன்" என்று வாயில் வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. "மண்டியில எடைக்கல்லை சர்க்கார் சோதிக்கணும்னு எங்க கட்சி சொல்லுது. நான் மண்டியிலதான் வேலை செய்யறேன். தலைவரு இருந்தாலும் இல்லாட்டியும் அந்தக் கல்லைத் தூக்கி உங்களுக்குக் காட்டுறவன் நான் இருப்பேன்!"

திண்டிவனம் தட்டினது பாருங்கள் கை! மல்லாட்டை மூட்டை போட்டு எடையில் ஏமாந்த அத்தனை கையும் தட்டின. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான். அதிலும் பாதி அவர் கேள்விக்கு விழுந்தது என்று எனக்குத் தெரியும். எந்தப் பாதி பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்த்துப் பார்த்து, ரயிலில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் ஒன்றும் கண்ணில் படவில்லை. அவர் எதிர் பலகையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

காரியதரிசி மறுநாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தலைவரு இல்லாட்டியும்னு மேடையில நீயே சொல்லிட்டியேடா! அவன் கேட்டான், நீ சாவடிச்சுட்டே!" அதோடு எனக்கு மேடை முடிந்தது. மண்டி முதலாளியும் கொஞ்சநாள் என்னோடு பேசவில்லை.

ஓட்டு நாள் வந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் நான் தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். ஓட்டில்லாதவனுக்கு அதுதான் இடம். செத்துட்டா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து உள்ளே போனார், வெளியே வந்தார். நான் ஓடினேன். திண்டிவனத்துப் பேச்சைக் கேட்டுத்தான் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எனக்கு ஆசை.

"அண்ணே, பச்சைதானே?"

"நீலம் தம்பி."

"நீலமா! எடைக்கல்லு? கிஸ்தி? கெணறு? நீலப் பெட்டிக்கு நிக்கிற அந்த அபேட்சகருக்குக் கொள்கைன்னா இன்னான்னே தெரியாதேண்ணே!"

"தெரியாதுதான். ஆனா அந்தாளு நான் குடுத்த சோடாவ ஒரு சொட்டு மிச்சம் வெக்காம குடிச்சான். ஏப்பம் விட்டுட்டு, 'யாருய்யா இந்த சோடா போட்டது, தேவாமிர்தமா இருக்குது'ன்னு கூட்டத்துல கேட்டான். நீ திண்டிவனத்துல பாதி வெச்சுட்டே."

"அதுக்கா ஓட்டு? ஊரு பூரா கொள்கை கேட்ட ஆளு நீங்க!"

அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு, "கேட்டது வாயி தம்பி. சீட்டைப் போட்டது கையி. மறைப்புக்குப் பின்னாடி யாருமே இல்ல, வெறும் பெட்டி. பெட்டியப் பாத்தா அந்தாளு மூஞ்சிதான் வந்து நின்னுச்சி. இன்னா பண்றது?" என்றார்.

அந்தத் தேர்தலில் பச்சைதான் ஜெயித்தது. எடைக்கல்லைச் சோதிக்க யாரும் வரவில்லை. அவர் மறுபடியும் பச்சைக் கூட்டத்துக்கும் நீலக் கூட்டத்துக்கும் மாறி மாறி சோடா கொண்டுபோனார், அதே கேள்வியோடு.

பிறகு யுத்தம் வந்தது. கேஸ் கிடைக்கவில்லை. மிஷின் நின்றது. காய்ச்சல் வந்தது, அவரும் போய்விட்டார். மண்டிப் பையன் ஓடிவந்து சொன்னது இதுதான்: "செத்துட்டா செத்துட்டாரு!" மண்டியில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு எல்லாரும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

யுத்தம் முடிந்து அடுத்த எலெக்‌ஷன் வந்தது. இந்தத் தடவை விண்ணப்பம் கொடுத்து ஓட்டு வாங்கிவிட்டேன். கூட்டத்துக்குக் கேட்கிறவனாகப் போனேன். புதுச் சோடாக்காரன் சோடா கொடுத்தான். பேச்சாளர் தலைவர் புகழை நிறுத்தி, அண்ணாந்து, ஒரு தடங்கலும் இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. எழுந்து நின்றேன்.

"எல்லாம் சரிங்க. ஒங்க தலைவரு செத்துட்டா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரே, "படிச்ச மனுசன் பேசுற பேச்சா இது?" என்றார். இரண்டு தொண்டர்கள் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். எழுத்துத் தப்பாமல் அவர் கேட்டதைத்தான் கேட்டேன், பிள்ளைகளே. அவர் வாயில் வந்தால் ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, வீட்டுக்குப் போய் யோசிக்கும். என் வாயில் வந்தது வெறும் சாபமாகப் போயிற்று. செத்தபிறகும் ஒரு ஆள்மேல் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஓட்டு நாளில் காலையிலேயே போய்ப் போட்டேன். எந்தப் பெட்டி என்று உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மண்டிக்கு நேரமிருந்தது. ரயிலடிப் பக்கமாகச் சுற்றி வந்தேன். தகரக் கொட்டகை பூட்டிக் கிடந்தது, வாசற்படி இடுக்கில் ஒரு எருக்கஞ்செடி இடுப்பளவு வளர்ந்து பூத்திருந்தது. பாழ்பட்ட வீட்டில்தான் எருக்கு முளைக்கும் என்பார்கள். யாரும் வருகிறார்களா என்று பார்த்தேன். குனிந்து அதை வேரோடு பிடுங்கிச் சாக்கடைக்கு அப்பால் வீசிவிட்டு, கையில் வடிந்த பாலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன்.